சிரித்து விழுங்கிய வரி

1

ஓர் இசைத்தட்டின் உறைக்குப் பின்புறம் அச்சிட நான்கு பத்தி கேட்டார்கள். அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. பாட்டு எப்படிப் பிறந்தது, எப்படிப் பரவியது, இத்தனை வருஷம் கழித்து ஏன் மறுபடி பதிவாகிறது, அவ்வளவுதான் வேண்டுமாம். "சுருக்கமா இருந்தா நல்லது" என்றார்கள். சுருக்கம் எனக்கு வராது என்பது பாவம், கேட்டவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதைக்குள் அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. ஆகவே உங்களுக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு பேருந்து நிறுத்தம். ஒருவனும் ஒருத்தியும் நிற்கிறார்கள். வருகிற வண்டியையெல்லாம் வேண்டுமென்றே விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏறிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே.

இந்த வண்டி நமக்கில்ல, இன்னும் கொஞ்சம் நில்லு
அடுத்த வண்டி கூட்டமா வரும், அதையும் விட்டுத் தள்ளு

இப்படித் துள்ளிக்கொண்டே போய், கடைசிச் சரணத்தில் கடைசி வண்டி வந்துவிடுகிறது.

கடைசி வண்டி வந்துருச்சு, ஒருத்தருக்குத்தான் எடம்

அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் பாடகி சிரித்துவிடுகிறாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய் கொள்ளாமல் ஒரு சிரிப்பு. பிறகு சரியாகத் தாளத்தைப் பிடித்துப் பல்லவிக்குத் திரும்பிவிடுகிறாள்.

பாட்டை ஓட வைத்தது அந்தச் சிரிப்புதான். கல்யாண மண்டபங்களில் அந்த இடம் வந்ததும் கூட்டமே சேர்ந்து சிரிக்கும். என் அத்தைகள் இரண்டு பேர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மழை கொட்டித் தீர்த்த அந்த மாலையில், பதிவுக்கூடத்தின் சிவப்பு விளக்கு..."

(மழை பெய்யவில்லை. கேட்டுவிட்டேன். மண்டை பிளக்கும் வெயிலாம்.)

இரண்டாவது: "சில பாடல்கள் ஒரு தலைமுறையின் நெஞ்சில்..."

(இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிக்க மாட்டேன்.)

மூன்றாவது: "கிதார்காரருக்கு விக்கல் எடுத்தது."

நடந்தது இதுதான். இதிலிருந்தே போகலாம்.

பாடகியை எல்லோரும் சிட்டு என்பார்கள். அப்போது அவளுக்கு இருபதை ஒட்டிய வயது. சோப்புக்கும் பற்பசைக்கும் விளம்பரப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள். முழுப் பாட்டு ஒன்று பாட வந்தது அன்றுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் முதலிலிருந்து. சிட்டுவுக்கு நேர் எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒட்டடைக்கம்பு மாதிரி ஒருவர் கிதாரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் விக்கல். இரண்டு முறை நல்ல கட்டத்தில் விக்கி, பதிவைக் கெடுத்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள், பயமுறுத்தியும் பார்த்தார்கள். கடைசியில் இசையமைப்பாளர், "மூச்சை அடக்கிட்டு வாசிய்யா, செத்தா போயிடுவே?" என்று எரிந்து விழுந்தார்.

அவர் அடக்கினார். சிட்டு அதைக் கவனிக்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். கடைசிச் சரணத்தில், 'ஒருத்தருக்குத்தான் எடம்' என்று முடித்துத் தலையை நிமிர்த்தினாள். எதிரே இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி, காது வரை சிவந்து ஒரு முகம். அதற்குக் கீழே விரல்கள் மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

சிரித்துவிட்டாள்.

இசையமைப்பாளர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. பாட்டு முடிந்ததும், "இருக்கட்டும்" என்றார்.

"ஐயா, என் வரி!" என்று மூலையிலிருந்து எழுந்தார் பாட்டை எழுதிய கவிஞர்.

"அடுத்த பாட்டுல வச்சுக்கலாம்யா."

அன்று முதல் கிதார்காரரின் பெயர் விக்கல் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் விக்கலும் சிட்டுவும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

3

இங்கே ஒரு தகராறைச் சொல்லிவிட வேண்டும்.

இளம் சிட்டுவை 'அவள்' என்றும், இன்று அறுபதைத் தாண்டிய சிட்டுவை 'அவர்' என்றும்தான் முதலில் எழுதியிருந்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வரைவைப் படித்துவிட்டு அவரே கேட்டார்:

"இந்த 'அவர்' யாருங்க? பக்கத்து வீட்டு அம்மாவா?"

"நீங்கதாம்மா."

"ரெண்டும் நான்தானே? பாதியில எதுக்கு ஆளை மாத்துறீங்க? அவள்னே போடுங்க."

போட்டுவிட்டேன். இனிக் கடைசி வரைக்கும் அவள்தான்.

அதோடு விடவில்லை. விக்கலைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியை, 'அவர் பேச்சு குறைவு. பார்வையிலேயே பரிவு ததும்பும்' என்று தொடங்கும் பத்தியை, விரலால் தட்டிக் காட்டினாள்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல. அவரு வாய் ஓயாது. என் டீயை எடுத்துக் குடிச்சிட்டு, 'உன்னுதா? சொல்லக் கூடாது?'ன்னு கேப்பாரு. செருப்பை நடு வாசல்ல விட்டுட்டுப் போவாரு. செத்துப் போனவரைத் துடைச்சுத் துடைச்சுப் பளபளன்னு ஆக்காதீங்க. எனக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

(உண்மையில் அந்த விக்கல் கதையையே நான் சந்தேகித்தேன். ஒரு விக்கலால் ஒரு பாட்டு, அந்தப் பாட்டால் ஒரு கல்யாணம் என்றால் யார் நம்புவார்கள்? அதைவிடக் கௌரவமான ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் முயன்றேன். கிடைக்கவில்லை. கௌரவமான காரணத்துக்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.)

4

அதற்குப் பிறகு வந்தவை மேடை வருஷங்கள். எந்த ஊருக்குப் போனாலும் கடைசிப் பாட்டு இதுதான். எந்த மேடையிலும் அந்த இடத்தில் சிரித்தாக வேண்டும். நிஜச் சிரிப்பு கூப்பிட்டதும் வருமா? ஆகவே சிட்டு ஒரு சிரிப்பைப் பழகி வைத்துக்கொண்டாள். தொண்டையில் எங்கே ஆரம்பித்து எங்கே உடைய வேண்டும், எத்தனை தாளத்துக்கு ஓட வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

விக்கலுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது, கிதாரை வாசித்தபடியே அவள் பக்கம் திரும்பிக் கன்னத்தை உப்பிக் காட்டுவார். சில நாள் அவளுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிடும். பல நாள் எரிச்சல்தான் வரும். வண்டியில் வரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்து மேடை ஏறிய நாட்களும் உண்டு. அன்றைக்கும் விடாமல் உப்புவார். அவள் வாயால் சிரித்துக்கொண்டே கண்ணால் முறைப்பாள். முன்வரிசை கைதட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கச்சேரிக்குக் கிளம்புவதற்காக நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கட்டக் குனிந்தார் விக்கல். நிமிரவில்லை.

(இதைப் பெரிதாக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. பெரிதாக எழுத எழுத அவர் சின்னதாகிக்கொண்டே போனார். இந்த இரண்டு வாக்கியம் போதும்.)

சிட்டு அதன் பிறகு அந்தப் பாட்டைப் பாடவில்லை. அழைத்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். தொண்டை நன்றாகவே இருந்தது.

5

மறுபடி பதிவு செய்யலாம் என்று வந்தவள் ஓர் இளம் இசையமைப்பாளர். கழுத்தை விட்டு ஹெட்போன் இறங்கவே இறங்காததால் சிட்டு அவளை ஹெட்போன் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். ஹெட்போனுக்கும் அது பிடித்துப் போயிற்று.

"வேகமெல்லாம் வேண்டாம்மா. சுருதி இறக்கி, ஒரே ஒரு கிதார், உங்க குரல். இன்னிக்கு இருக்கிற குரல்" என்றாள். அந்த 'இன்னிக்கு இருக்கிற'தான் சிட்டுவைச் சம்மதிக்க வைத்தது. எல்லோரும் அவளிடம் பழைய குரலைக் கேட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

ஹெட்போனின் பதிவுக்கூடம் ஓர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு மெத்தை. ஜன்னலில் கனத்த போர்வை. ஒரு மூலையில் மைக், எதிர் மூலையில் கணினி, நடுவில் வந்தவர்கள் உட்கார ஒரு சோபா. கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லை.

ஒத்திகையில் சிட்டு பாடிக்கொண்டே வந்து 'ஒருத்தருக்குத்தான் எடம்' என்றதும் நின்றுவிட்டாள்.

"சிரிப்பைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா" என்றாள் ஹெட்போன். "பழைய பதிவுல இருந்து அதை மட்டும் பிரிச்சு எடுத்து ஒட்டிடலாம். சுத்தமா வந்துடும்."

"அந்தப் பொண்ணு சிரிச்சதை எடுத்து என் வாயில ஒட்டுவியா?"

"வேண்டாம்னா வேண்டாம்மா." ஹெட்போன் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, அந்த இடத்துல நிஜமா என்ன வரி இருந்துச்சு?"

சிட்டு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தாளில் இருந்தது நினைவிருந்தது. ஒத்திகையில் பாடியதும் நினைவிருந்தது. வரி மட்டும் இல்லை. இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்து அதை அவளே அழித்திருந்தாள்.

6

கவிஞர் தம் மகள் வீட்டில் இருந்தார். மூன்றாவது மாடி. காது மந்தம். கோபத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வாம்மா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"தப்புதாங்கய்யா."

"என்ன?"

"தப்புதான்னேன்!"

"தப்பா? நான் எழுதினதுலயே உருப்படியான வரி அது ஒண்ணுதான். அதைச் சிரிச்சு முழுங்கிட்டே. சரி, முழுங்கினது கூடப் பரவாயில்ல. ஒருத்தருக்குத்தான் எடம்னு சொல்லிட்டு நீ சிரிச்சா ஊர் என்ன நினைக்கும்? மடியில உக்காரச் சொல்றான்னு நினைக்கும். நினைச்சுது. என் சம்பந்தி, அவ்வளவு பெரிய மனுஷன், கண்ணடிச்சுக் கேக்கறாரு. 'என்னய்யா எழுதினீரு அங்க, வெளிய சொல்ல முடியாத அளவுக்கு?'ன்னு!"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். வருத்தம் பாதி. சிரித்துவிடக் கூடாதே என்பது பாதி. ஆனால் சிரிப்பு வரவில்லை. முகம் மட்டும் பழைய பழக்கத்தில் தயாராகி நின்றது.

"அந்த வரி என்னங்கய்யா?"

"உனக்கே தெரியாதா?"

"மறந்துட்டேன்."

கவிஞர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்ச விடலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவரைவிட அவசரக்காரனாக இருந்தது. பாடகர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"கடைசி வண்டி வந்துருச்சு, ஒருத்தருக்குத்தான் எடம். ஏறிக்க நீ, மெதுவா நான் நடந்து வரேன் உன் தடம்."

சிட்டு உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொன்னாள்.

"எப்படி?" என்றார் கவிஞர்.

"நல்லா இருக்குங்கய்யா."

"நல்லா இருக்கா? அவ்வளவுதானா?" என்று சண்டைக்குக் கிளம்பியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தி, மேஜையில் இருந்த பிஸ்கட் தட்டை அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை.

கிளம்பும்போது கேட்டாள்: "யாரை நினைச்சு எழுதினீங்க?"

"யாரையும் இல்ல. எடத்துக்குத் தடம் கிடைச்சுது, எழுதினேன்."*

* இந்தப் பதிலை மாற்றச் சொல்லி எனக்குள்ளேயே ஒருவன் நச்சரித்தான். கவிஞருக்கு ஒரு பழைய காதலியை வைக்கலாம், ரயில் நிலையத்தில் ஒரு பிரிவை வைக்கலாம் என்றான். அவனை அனுப்பிவிட்டேன். எதுகைக்காக எழுதிய வரி ஒருவரின் வாழ்க்கையில் இப்படி வந்து உட்காருவது எனக்குப் போதுமான அதிசயம்.

7

பதிவு நாளுக்கு முன்பே, வழக்கம்போல, எனக்குப் பிடித்த முடிவுகளை எழுதி வைத்துவிட்டேன்.

அ) பாடும் நேரம் பார்த்துப் புதுக் கிதார்காரருக்கு விக்கல் எடுக்கிறது. (கூசுகிறது. அடித்தாயிற்று.)

ஆ) வரியைப் பாட முடியாமல் சிட்டு அழுதுவிடுகிறாள். அந்த அழுகையே பதிவாகிறது. (சிரிப்பை விற்றது போதாதென்று அழுகையையுமா?)

இ) அவள் வரியைப் பாடுகிறாள். எங்கிருந்தோ விக்கலின்... (வேண்டாம். இறந்தவர்களை வேலை வாங்கக் கூடாது.)

நடந்ததைச் சொல்கிறேன். முற்பகல். கவிஞரையும் கூட்டி வந்திருந்தார்கள். காதுக்கருவி போட்டுக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிதாரை முன்பே பதிந்து வைத்துவிட்டதால் சிட்டு மட்டும்தான் பாட வேண்டும். முதல் வரியிலேயே ஹெட்போன் நிறுத்தினாள். எங்கிருந்தோ கீச்சென்று ஒரு விசில். தேடிப் பார்த்தால் கவிஞரின் காதுக்கருவி. கெஞ்சிக் கூத்தாடி அதை அணைக்க வைத்தார்கள்.

முதல் முறை பாடியபோது, அந்த இடம் வந்ததும், சிட்டு நினைப்பதற்கு முன்பே மேடைச் சிரிப்பு வந்து நின்றது. கச்சிதமான சிரிப்பு. ஹெட்போன் இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினாள்.

"அழிச்சிடும்மா" என்றாள் சிட்டு.

"ஏம்மா? அப்படியே இருந்துச்சே!"

"அதான்."

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'ஒருத்தருக்குத்தான் எடம்.' மூச்சு வாங்கினாள். 'ஏறிக்க நீ' என்பது சாதாரணமாக, வாசலில் நின்று ஒருவரைப் போய்வரச் சொல்வது போல வந்தது. 'மெதுவா நான்' என்பதில் குரல் கொஞ்சம் கரகரத்தது. அவள் அதை மறைக்கவில்லை. 'நடந்து வரேன் உன் தடம்.' கடைசி எழுத்தில் உதடு மூடியது. மூடியபடியே அந்த நாதம் ஓடித் தேய்ந்தது.

ஹெட்போன் திரும்பவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன ஆச்சு? பாடிட்டாளா?" என்றார் கவிஞர்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர், காதுக்கருவியை அணைத்துவிட்டுத் தன் வரியைக் கோட்டை விட்டிருந்தார். ஹெட்போன் பதறிப் போய், கழுத்தை விட்டு இறங்காத அந்தச் சாதனத்தைக் கழற்றி அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி, அந்தச் சரணத்தை மட்டும் போட்டாள். கவிஞர் கண்ணை மூடிக் கேட்டார். தலை மெல்ல ஆடியது. வரி வந்தபோது முழங்காலில் இருந்த கை மட்டும் சற்று எழுந்தது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே, காதை அடைத்துக்கொண்டவர்கள் கத்துவது போல வீடதிரக் கேட்டார்:

"எல்லாம் சரி, சிரிப்பு எங்கே?"

"ஐயா, வரியைத்தானே கேட்டீங்க!" என்று கத்தினாள் சிட்டு.

"வரி வந்துடுச்சு! வரி பிரமாதம்! ஆனா சிரிப்பு இல்லாம இது வேற எவன் பாட்டோ மாதிரி இருக்கே!"

சிட்டு அவரைப் பார்த்தாள். தன் வரிக்காக ஊரோடு மல்லுக்கு நின்ற மனிதர், தொலைத்த குழந்தையைத் தேடுவது போலச் சோபாவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார். 

சிட்டு சிரித்தாள்.

[                                        ]

மைக் இன்னும் திறந்திருந்தது. பாட்டைப் போட்ட பதற்றத்தில் ஹெட்போன் பதிவுப் பொத்தானையும் சேர்த்துத் தட்டியிருந்தாள்.

8

இப்போது இரண்டும் இருக்கின்றன. முழு வரி ஒன்று. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து வந்த சிரிப்பு ஒன்று. வரிக்குப் பின்னால் சிரிப்பைக் கொண்டுபோய் வைத்தால் அழகாகப் பொருந்துகிறதாம். ஹெட்போன் வைத்துப் பார்த்துவிட்டாள். "முடிவு உங்களுதுதாம்மா" என்று சொல்லிவிட்டாள். கவிஞர் வைத்தே ஆக வேண்டும் என்கிறார். தினமும் போன் செய்து கத்துகிறார்.

சிட்டு முடிவு சொல்லவில்லை. ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

"வைக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு என்ன தயக்கம்?"

எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவரு போனதுக்கு அப்புறம் தானா வந்த முதல் சிரிப்பு அது. சிரிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. முதல்ல ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னடா இது, சிரிக்கிறோமேன்னு. அப்புறம் பரவாயில்லைன்னு தோணுச்சு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்தக் காலத்துச் சிரிப்பை ஊரே எடுத்துக்கிச்சு. கல்யாணத்துல, கடையில, எங்க போனாலும் அது எனக்கு முன்னாடியே போய் நிக்கும். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இதையும் குடுத்துட்டா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

எனக்கு அந்தச் சிரிப்பை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினாள். அது எப்படி இருந்தது என்று வீட்டுக்கு வந்து ஒரு வாக்கியம் எழுதினேன். நீளமான வாக்கியம். நான் எழுதியவற்றில் அது ஒன்று தேறும் என்றுகூட நினைக்கிறேன். மேலே அடைப்புக்குறிக்குள் நீங்கள் பார்த்த வெற்றிடத்தில்தான் அது இருந்தது. நேற்று எடுத்துவிட்டேன். அவள் கொடுக்காத ஒன்றை நான் முந்திக்கொண்டு உங்களிடம் கொடுக்கலாமா?

இசைத்தட்டு வெளிவரும்போது கடைசிச் சரணத்துக்குப் பின்னால் நீங்கள் அதைக் கேட்கலாம். அல்லது கிதார் மட்டும் நான்கு தாளம் வாசித்துவிட்டுப் பல்லவிக்குத் திரும்பலாம். எது என்று எனக்குத் தெரியாது. உறைக்குக் கேட்ட நான்கு பத்தியும் இன்னும் எழுதவில்லை.

நேற்றுக் கூப்பிட்டபோது சிட்டு வீட்டில் பின்னால் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கவிஞரின் குரல் மாதிரி இருந்தது. "அப்புறம் பேசறேங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். வைப்பதற்கு முன்னால் அவள் தொண்டையில் ஏதோ கிளம்பியது. போன் அதற்குள் அடங்கிவிட்டது.